பேச்சில்லாத இடங்கள்

— ஒரு தபா போட்டா எவ்ளோ தேயும் கண்ணு?

— எது அத்தை?

— எம்பொண்ணு பவி வீடியோ. வருசத்துக்கு ஒரு தபா, அவ பொறந்த நாளுக்கு மட்டும் போட்டுப் பாத்தா எத்தினி வருசம் தாங்கும்? அத மட்டும் சொல்லிட்டுப் போ நிவேதிதா. நீ நாளன்னிக்கு திருநெல்வேலிக்கு ரயிலேறிடுவ. அப்பால இந்த வடிவு யாரப் போயி கேக்கறது?

— வீடியோ எப்பிடி அத்தை தேயும்?

— தேஞ்சிடுச்சே. பாதிக்கு மேல தேஞ்சிடுச்சி. அதான் பொங்கலுக்கு அப்பால போடறதையே வுட்டுட்டேன். அவ போன ஆஃப் பண்ணி, ட்ரெயினிங்குக்குக் கட்டிகினு போவாளே ஊதாப் பொடவ, அதுல சுத்தி பீரோல வெச்சிட்டேன். கம்பெனிக்குப் பேச எனக்கு இந்த பட்டன் போனு போதும்.

— அதானா. பவி நம்பருக்குக் கூப்புட்டா அணைச்சு வச்சிருக்குன்னே சொல்லிட்டிருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு. பரீட்சை முடியட்டும், ஊருக்குப் போறதுக்கு முன்ன ஒங்கள நேர்லயே பாத்துட்டுப் போயிருவோம்னுதான் வேலப்பன்சாவடில இருந்து அம்பத்தூருக்கு பஸ் ஏறுனேன்.

— நல்லா செஞ்ச. நாற்காலில உக்காரு, தரை வேணாம். பி.எட். முடிச்சிட்ட, இனிமே நீ டீச்சரம்மா.

— ரிசல்ட் வரணும்லா. இருங்க, பீரோவ நான் தெறக்கேன். மணிக்கட்டு வீங்கியிருக்கே அத்தை. கை வலிக்கா?

— அத மட்டும் கேக்காத கண்ணு. வேற இன்னா வேணா கேளு.

— சரி, கேக்கல.

— நாள் முச்சூடும் கத்திரிகோலு புட்ச்சா வீங்கத்தான் செய்யும். எஸ்டேட்ல சட்டைக் கம்பெனின்னா சும்மாவா? தெச்சு வர்ற சட்டையில அங்கங்க நூலு நீட்டிகினு கீதே, பிசிறு, அத வெட்டி வெட்டித் தள்ளணும். நின்னுகினே. சாவிய கொஞ்சம் தூக்கித் திருப்பு. ஆங், அப்டித்தான்.

— இந்தா இருக்கு. சார்ஜ் சுத்தமா இல்ல. ஒயர் எங்கன?

— டிவி பின்னால. போடப் போறியா? வேணாம்மா. இருக்கறதும் போயிடும்.

— போவாது அத்தை, நான் சொல்லுதேம்லா. மொதல்ல எப்பிடித் தேஞ்சிதுன்னு சொல்லுங்க.

— மின்ன எல்லாம் அவ ஒரு கேள்வி கேப்பா. கேட்டுட்டு நிப்பா. சும்மா நிப்பா, என்ன பாத்துகினே. நான் பதில் சொல்வேன். அப்பறம் அவளும் பதிலச் சொல்வா. அப்பால "சரி, உக்காரு"ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போவா. இப்ப கேட்ட வாய மூடறதுக்குள்ள அவளே பதிலச் சொல்லிடறா. நிக்கறதே இல்ல. வண்டிய புடிக்கப் போறவ மாதிரி ஓடறா.

— நீங்க பதில் சொல்வீங்களா?

— பின்ன? புள்ள கேக்குது, சும்மா உக்காந்துகினு இருப்பாங்களா? கம்பெனி வுட்டு வருவேன், வெளக்கேத்துவேன், போன அந்த அரிசி டப்பா மேல சாச்சு வெப்பேன். எழுந்து நின்னுதான் பதில் சொல்வேன். உக்காருன்னு அவ சொன்னப்புறம்தான் உக்காருவேன். அன்னிக்கு பூரா நின்ன காலு, அவ எப்படா உக்காரச் சொல்வான்னு இருக்கும். மொத நாளு எல்லாம் தப்பு தப்பா சொன்னேன். அவ எதுக்கும் கோச்சிக்கல. எல்லாத்துக்கும் சரி, உக்காருதான்.

— அத்தை.

— சிரிக்காத.

— சிரிக்கல அத்தை.

— எங்க ஊட்டுக்காரரு இருந்தப்ப ஒரு டேப்ரெக்கார்டரு வெச்சிருந்தாரு. ஒரே கேசட்ட போட்டுப் போட்டு, நடுநடுவுல பாட்ட முழுங்க ஆரமிச்சிடும். இதுவும் அதான்னு புரிஞ்சிடுச்சி. நான்தான் பேயாட்டம் தெனம் போட்டுப் போட்டுப் பாத்தேனே. துணில மெல்லிசா இருக்கற எடம்தான மொதல்ல இத்துப்போவும்? பேச்சு கெட்டி. பேச்சில்லாத எடம் மெல்லிசு. அது மொதல்ல தேஞ்சிடுச்சி. இன்னும் போட்டேன்னா பேச்சும் தேஞ்சிடும்னு மூடி வெச்சிட்டேன்.

— போன் உசுரு வந்துட்டு. போடுதேன் அத்தை. ஒரே ஒரு தடவ.

— ஒரே தபாதான். சத்தத்த கொஞ்சம் கூட்டி வையி. தோ, வந்துட்டா.

— "வணக்கம் குழந்தைகளே. செடிக்கு வாய் இருக்கா? இல்லை. சரி, உக்காரு. அப்போ அது எப்படிச் சாப்பிடுது? இலை வழியா. சரி, உக்காரு. இலை ஏன் பச்சையா இருக்கு? அதுல பச்சையம் இருக்கு. சரி, உக்காரு. வெளிச்சமே படாம இருட்டுல வெச்சா செடி என்ன ஆகும்? வெளுத்துப் போகும். சரி, உக்காரு. நாளைக்குப் பார்க்கலாம்."

— பாத்தியா? உக்காரு உக்காருன்றா, நான் எழுந்துக்கவே இல்லியே.

— அத்தை, இது எப்பலேருந்து இப்பிடி இருக்கு?

— நீ எடுத்துகினு போயி திருப்பிக் குடுத்த இல்ல, பொங்கலுக்கு மின்ன? அன்னிக்கு ராத்திரி போட்டேன், அப்டி இருந்துச்சி. உன்ன ஒண்ணும் சொல்லல கண்ணு. இஸ்கூல்ல பசங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினியே, எத்தினி பேரு பாத்தாங்களோ, அதுல மீதியும் தேஞ்சிருக்கும்னு நெனச்சிகினேன்.

— தேயல அத்தை.

— பின்ன?

— நான் வெட்டுனேன்.

— இன்னாது?

— நான்தான் அத்தை. ஆவடி ஸ்கூல்ல பவியும் நானும் ட்ரெயினிங் போனோம்லா, அங்க பார்வதம் டீச்சர் கேட்டாவ. பவி எடுத்த வீடியோவ புள்ளைகளுக்கு ஸ்மார்ட் போர்டுல போட்டுக் காட்டு, அதுக அவள நெனச்சு ஏங்குதுன்னு. ஆனா ரொம்ப நீளமா இருக்கே, ஒரு பீரியட்ல நான் எப்ப பாடம் நடத்த, சின்னதாக்கிக் கொண்டான்னு சொன்னாவ. அதுக்குத்தான ஒங்ககிட்ட போன வாங்கிட்டுப் போனேன்.

— சின்னதாக்கறதுன்னா?

— ஒரு ஆப் இருக்கு. காலேஜ்லயே சொல்லிக் குடுத்தாவ, டெக்னாலஜி பாடத்துல. வீடியோவுக்குள்ள யாரும் பேசாத எடத்தையெல்லாம் அதுவே காதுல கேட்டுக் கண்டுபிடிச்சு எடுத்துரும். ஒரே ஒரு அமுக்கு. வகுப்புல அத எல்லாருக்கும் முன்ன நின்னு நான் செஞ்சு காட்டுனேன். மங்களம் மேடம் கைதட்டுனாவ.

— பேசாத எடம்னு அதுக்கு எப்டித் தெரியும்?

— சத்தம் இல்லன்னா பேசலன்னு எடுத்துக்கும்.

— நீ பாத்து வெட்டலியா?

— பாக்கல அத்தை. பாத்து வெட்டணும்னா முழுசா பாக்கணும்லா. அவ போயி ரெண்டு மாசம்கூட ஆவல. மூஞ்சியப் பாத்ததும் எனக்கு முடியல. கண்ண மூடிட்டு அமுக்கிட்டேன். முடிச்சதும் பழச அழிக்கவான்னு கேட்டுச்சு. போன்ல எடமில்லன்னு வேற சொல்லுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேன்.

— ஓ.

— ஏசுங்க அத்தை. ஏதாவது சொல்லுங்க.

— இரு. யோசிக்க வுடு. எடுத்தத அது எங்க வெச்சிருக்கும்?

— என்னது?

— நாங்க பிசிற வெட்டினா கூடையில போடுவோம். சாயங்காலம்தான் அத அள்ளுவாங்க. அது மாதிரி இதுக்கும் எதுனா கூடை இருக்குமில்ல?

— இருக்கு அத்தை, நெசமாவே இருக்கு. அழிச்சதெல்லாம் மொதல்ல ஒரு குப்பைக் கூடைக்குள்ளதான் போவும். இருங்க, பாக்குதேன்.

— பொறுமையா பாரு. அவசரப்படாத. கண்ணாடி வேணுமா?

— வேணாம்.

— இன்னா கண்ணு? கீதா?

— காலியா இருக்கு.

— யாரு அள்ளினது?

— யாரும் இல்ல. ஒரு மாசம் வச்சிருக்கும். அதுக்குள்ள எடுக்கலன்னா தானா அழிச்சிரும்.

— ஒரு மாசமா?

— ம்.

— அப்ப, பொங்கல் முடிஞ்சு தை மாசம் பூரா அது இதுக்குள்ளயேதான் இருந்துச்சா? பீரோக்குள்ள?

— அத்தை, அத யோசிக்காதீங்க.

— நான் தேயுதுன்னு சுத்தி வெச்சிகினு இருந்தேன், உள்ள அது முழுசா இருந்துச்சி. ஒரு போன் போட்டு, நிவேதிதா, இவ நிக்க மாட்டேன்றான்னு கேட்டிருந்தா நீ வந்து எடுத்துக் குடுத்திருப்ப.

— ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? தப்பு என்னோடது. நீங்க காப்பாத்தத்தான வச்சீங்க.

— காப்பாத்தினேன். நல்லா காப்பாத்தினேன்.

— இருங்க, இன்னும் முடியல. காலேஜ் லேப்ல பிரசன்னான்னு ஒருத்தன் இருக்கான், எங்க செட்டுதான். பவி மார்க்குக்காக அங்க ஒரு கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பா. ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களும் கேளுங்க. ஹலோ, பிரசன்னா?

— சொல்லு நிவி, ஊருக்குப் போயிட்டியா?

— இல்லடா. பவி வீட்டுலேருந்து பேசுதேன். அவ அம்மா பக்கத்துல இருக்காவ.

— ஐயோ. வணக்கம்மா. நல்லா இருக்கீங்களாம்மா?

— கீறேன்பா. நீ நல்லாக்கிறியா?

— பிரசன்னா, பவி அந்த செடி பாடத்த எடுத்தால்லா, ஆறாங்கிளாஸுக்கு. அதோட ஒரிஜினல் லேப்ல இருக்கா? வெட்டாதது.

— லேப்லயா? நிவி, யுனிவர்சிட்டி எக்ஸாமுக்கு எல்லா சிஸ்டத்தையும் க்ளீன் பண்ணிட்டாங்க. நானும்தான் உக்காந்து பண்ணேன். யாருதும் இல்ல, எங்களுதே போயிடுச்சு. ஏன், போன்ல இருந்திருக்குமே?

— இல்ல. மங்களம் மேடம்கிட்ட?

— அவங்க பாத்துட்டு மார்க் போட்டு அழிச்சிடுவாங்க. எத்தன பேருதுன்னு வெச்சிருப்பாங்க? உனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பலியா அவ?

— பெரிய ஃபைல், அனுப்ப முடியலன்னா.

— சாரி நிவி. அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா? ஃபர்ஸ்ட் டைம் அவ க்ளாஸ் எடுக்கறப்ப நாங்கதான் ஸ்டூடண்ட்ஸ் மாதிரி உக்காந்திருந்தோம். கேள்விய கேட்டுட்டு உடனே பதிலையும் சொல்லிடுவா. அவ்ளோ டென்ஷன். மங்களம் மேடம் நடுவுலயே நிறுத்தி, நீயே கேட்டு நீயே சொல்லிக்கறதுன்னா எதிர்ல நாங்கள்லாம் எதுக்கும்மான்னு கேட்டாங்க. அழுதுட்டா. அதுக்கப்புறம்தான் கேட்டுட்டு நிக்கக் கத்துக்கிட்டா. எங்க செட்லயே அவ அளவுக்கு நிக்க யாராலயும் முடியாதும்மா. எங்களுக்கெல்லாம் பயமா இருக்கும், எதுனா பேசித் தொலைப்போம்.

— சரிப்பா. நல்லா இரு. வெச்சிடு.

— வச்சிட்டான் அத்தை.

— மொத நாளு அழுதுகினேதான் வந்தா. தோ, இந்த வாசப்படில உக்காந்து, அம்மா எனக்கு சும்மா நிக்க வரலன்னா. அப்பால எப்டிக் கத்துகினா தெரியுமா? முந்தானைக்குப் பின்னால கைய வெச்சிகினு ஒவ்வொரு வெரலா மடக்குவா. அஞ்சு வெரலும் மடங்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. ரசம் தாளிக்கறப்பகூட என்ன நிக்க வெச்சு, கேள்வி கேட்டு, வெரலு மடக்கிப் பழகுவா. கடுகு கருகிடும். ஏன்டி, அடுப்புல வேலையா கீறேன்னா, ஒரு புள்ள இருக்கும்மா, அதுக்கு அஞ்சு வெரலு போதாது, பத்தும் வேணும்பா.

— நிஷா.

— அதான், நிஷா. திக்கித் திக்கிப் பேசற புள்ள.

— ஆமா அத்தை. நான் கேட்டா அது எந்திரிக்கவே எந்திரிக்காது. வாயத் தெறக்கறதுக்குள்ள மத்ததுக சிரிக்கும், நான் அடுத்த புள்ளைகிட்ட போயிருவேன். பவி போவ மாட்டா. நிப்பா. பச்சையம்னு அந்தப் புள்ள சொல்லி முடிக்கத் தண்ணிகூடக் கொதிச்சிரும், அது வரைக்கும் நிப்பா. அந்த வீடியோவே அதுக்காகத்தான எடுத்தா. வீட்ல போட்டுப் பாத்து, யாரும் சிரிக்காம, தனியா பதில் சொல்லிப் பழகட்டும்னு.

— அதுங்கிட்ட இருக்குமா? நிஷாகிட்ட?

— இல்ல அத்தை. குடுக்கறதுக்குள்ளதான் காய்ச்சல் வந்துட்டே. தீபாவளி லீவு முடிஞ்சு குடுக்கேன்னு சொல்லி வச்சிருந்தா.

— நீ குடுக்கலியா?

— குடுத்தேன். பொங்கலுக்கு முன்ன, வெட்டுனதக் குடுத்தேன். அதுக்கு முன்ன வகுப்புல போட்டுக் காட்டுனேம்லா, அப்ப அது எந்திரிச்சிச்சு அத்தை. பவி கேள்வி கேட்டதும் பாதி எந்திரிச்சு நின்னுச்சு. அதுக்குள்ள பவியே பதில் சொல்லிட்டா. உக்காந்துருச்சு. மறுபடி எந்திரிச்சிச்சு, மறுபடி உக்காந்துச்சு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல. நான் ஸ்மார்ட் போர்டு பக்கத்துல ரிமோட்ட வச்சுட்டு நின்னு அதப் பாத்துட்டேதான் இருக்கேன். எனக்கு உறைக்கல. படம் தெளிவாத் தெரியுதா, சத்தம் கேக்குதான்னுதான் பாத்துட்டிருந்தேன். நான்லாம் என்ன டீச்சர் அத்தை?

— அழாத. இந்தா, தண்ணி குடி.

— அந்தப் புள்ளையும் இத நெனச்சிருக்கும்லா, பவி டீச்சருக்கும் நமக்காக நிக்க நேரமில்லாமப் போச்சுன்னு.

— அப்டிலாம் நெனைக்காது. சின்னப் புள்ளைங்க.

— நீங்க நெனைக்கலியா?

— மொத நாளு நெனச்சேன். பொய் சொல்லக் கூடாது. எம்மேல இன்னாவோ கோவம், அதான் நிக்காம போறான்னு நெனச்சேன். காய்ச்சல்னு சொன்னவள இன்னொரு நாளு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கணுமோ, அதக் காட்றாளோன்னு. அப்பால தேயுதுன்னு புரிஞ்சதும் மனசு ஆறிச்சு. தேயறது பரவால்லம்மா. கோவம்னாத்தான் தாங்க முடியாது.

— அத்தை, ஒண்ணு செய்யட்டா? நான் அந்த எடத்தையெல்லாம் மறுபடி வச்சுத் தாரேன். எனக்குத் தெரியும். கேள்வி முடிஞ்சதும் படத்த அப்பிடியே நிறுத்தி வச்சிரலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும். அப்ப நீங்க பதில் சொல்லலாம்லா. இருங்க, ஒரு எடத்துல செஞ்சு காட்டுதேன்.

— செய்ய முடியுமா?

— முடியும். இந்தா, இங்க வெட்டி, இத இழுத்து. பாருங்க, இப்ப போடுதேன்.

— "செடிக்கு வாய் இருக்கா?"

— நிக்கா பாருங்க அத்தை. சொல்லுங்க. பதில் சொல்லுங்க.

— இல்லம்மா. செடிக்கு...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— இது அவ இல்ல நிவேதிதா.

— அவதான அத்தை. அதே வீடியோதான.

— செவுத்துல மாலை போட்டுப் படமா மாட்டி வெச்சிக்கிறேனே, அவ மாதிரி நிக்கறா. கண்ண சிமிட்டல. மின்ன நின்னா, பொடவை மடிப்பு ஏறி எறங்கும். மூச்சு வுட்டுகினு நிப்பா. தொண்டைல எச்சி முழுங்குவா. ஃபேன் காத்துல இந்தப் பக்கத்து முடி ஆடும், அத ஒதுக்கக் கூடாதுன்னு அடக்கிகினு இருப்பா. உங்க மிஷினு வெட்டினது சும்மா இருந்த எடத்த இல்லம்மா. அவ மூச்சு வுட்ட எடத்த.

— அழிச்சிருதேன் அத்தை. இத அழிச்சிருதேன்.

— அழிச்சிடு. ஆனா பாத்து அழி. மீதி கீறதையும் சேத்து அழிச்சிடாத.

— இல்ல. இது மட்டும்தான். போயிட்டு.

— நானும் தெனம் அதத்தான செய்றேன். பிசிறுன்னு நெனச்சு வெட்டுவேன், பாத்தா தையல் நூலா இருக்கும், காலரு பிரிஞ்சிகினு வரும். சூப்ரவைசரு கத்துவான். கண்ணு கூசிகினு வந்தா எது பிசிறு எது தையலுன்னு தெரியாது. உனக்கு அன்னிக்கு கண்ணுல தண்ணி. உன்ன எப்டிம்மா ஏசறது?

— ஏசிட்டீங்கன்னா எனக்கு இதவிட நல்லா இருக்கும்.

— ஏசினா திரும்ப வருமா? வராது. நீ போயி டீச்சராவு. நிஷா மாதிரி ஒரு புள்ள உங்க ஊர்லயும் இருக்கும். அது முன்னால நில்லு. அது போதும்.

— நிப்பேன் அத்தை.

— எங்க, இப்ப கேளு பாக்கலாம். பவி மாதிரி என்ன ஒண்ணு கேளு.

— நானா? இப்பவா?

— ஆமா. கடைசி கேள்விய கேளு. அதுக்குத்தான் எனக்கு ரொம்ப புட்ச்ச பதிலு.

— வெளிச்சமே படாம இருட்டுல வெச்சா செடி என்ன ஆகும்?

— நீ வெரல மடக்கல.

— மடக்குதேன். நீங்க சொல்லுங்க.

— வெளுத்துப் போவும். சாவாது, ஒடனே சாவாது. வெளுத்துப் போயி, எங்க வெளிச்சம்னு தேடிகினு நீண்டுகினே போவும். டீச்சர் சொல்லிக் குடுத்தது பாதி, மீதி நானா சொல்றது. அதுக்கும் அவ சரி, உக்காருதான் சொல்லுவா.

— சரி, உக்காருங்க அத்தை.

— உக்காந்துட்டேன்.

— அத்தை, நான் ஒண்ணு சொல்லட்டா? என் மனச நானே தேத்திக்கிடறதுக்குச் சொல்லுதேன்னு நெனச்சாலும் பரவால்ல. பவி பேசுனது ஒண்ணுகூடப் போவல. ஒத்த வார்த்தைகூட அது எடுக்கல, நான் இப்ப கேட்டுட்டேன், எல்லாம் அப்பிடியே இருக்கு. போனதெல்லாம் அவ பேசாம நின்ன எடம் மட்டும்தான. அத நெனச்சு நீங்க கொஞ்சம் மனச ஆத்திக்கணும்.

— ம்.

— அவ சொன்னதெல்லாம் ஒங்ககிட்ட பத்திரமா இருக்கு.

— நீ முழுசா பாக்கலன்னு சொன்ன இல்ல?

— பாக்கல அத்தை.

— அதான் உனக்குத் தெரியல. ஸ்டாண்டு வாங்க வேணாம், நான் புடிச்சிக்கறேன்னு வீடியோ எடுத்த அன்னிக்கு போன நான்தான் புட்ச்சிகினு நின்னேன். தோ, நீ உக்காந்துகினு கீறியே, அந்த எடத்துல. கம்பெனி வுட்டு வந்த கையோட. அம்மா, நீ மட்டும் வாயத் தொறக்காத, உன் கொரலு பதிஞ்சிடும்னா. நானும் பல்லக் கடிச்சிகினு நின்னேன். பாதிக்கு மேல கையி நடுங்க ஆரமிச்சிது. இருட்டுல வெச்சா செடி இன்னா ஆவும்னு கடைசி கேள்வி கேட்டா. கேட்டுட்டு வெரலு மடக்கிகினு நிக்கறா. அப்ப பாத்துட்டா.

— எத அத்தை?

— என் கைய. அந்த எடத்துல அவ சும்மா நிக்கல கண்ணு. சத்தம் வந்தா பதிஞ்சிடும்னு வாய மட்டும் அசைச்சா. கொரலே இல்ல. உங்க மிஷினுக்கு எப்டிக் கேக்கும்? மத்த கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிகினு, அத்தினி தபா எழுந்து உக்காந்து, நான் தெனம் போயி நின்னது அந்த ஒரு எடத்துக்குத்தான்.

— என்ன கேட்டா அத்தை?

— கை வலிக்குதாம்மான்னு கேட்டா.